ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்தவர்

டுலூத் துறைமுகம், மின்னசோட்டா
ஆகஸ்ட் 27, 1978

அன்புள்ள அக்கா ஒசெல்லாவுக்கு,

வெண்டல் எழுதுகிறேன். கப்பலின் மேல்தளத்தில் ஏரிக் குளிர், கீழே எஞ்சின் அறைச் சூடு. இரண்டுக்கும் நடுவில் உடம்பு எப்படியோ நன்றாக இருக்கிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி? பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா? கணக்கு வராத பிள்ளைகளோடு கத்திக் கத்தி அதை ஏற்றிக்கொள்ளாதே.

நேற்றுத் தபாலில் நம் டன்மோர் பத்திரிகை வந்தது. ஹாலிஸ் கல்லூரி ஃபுட்பால் அணியில், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடும் பையன்களுக்கென்றே தனியாக ஒரு பயிற்சியாளன் வந்திருக்கிறானாமே, எஸ்ரா டார்வர் என்று. லவெல் மிம்ஸ் முழு ஆட்டமும் ஓடமாட்டான், பாதி நேரம் அல்வின் ஓட்ஸ் ஓடுவான் என்று பேட்டி கொடுத்திருக்கிறான். படித்ததும் பத்திரிகையைச் சுருட்டி மேஜையில் அடித்தேன்.

போன வருஷம் மார்லோ கல்லூரிக்கு எதிராக மிம்ஸ் ஓடியதை நீயும்தானே பார்த்தாய்? மூன்று தடியன்கள் சட்டையைப் பிடித்துத் தொங்கினார்கள். இடுப்பை ஒரு வெட்டு வெட்டினான். மூன்று பேரும் புல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்கள், அவன் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தான். கிளாரன்ஸ் மச்சான் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்குத் தொப்பியைத் தூக்கி மைதானத்துக்குள்ளேயே எறிந்திருப்பார். அப்படிப்பட்டவனுக்கு யாரும் ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பந்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும்.

சபையில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். முதல் ஆட்டம் எப்படி இருந்தது என்று எழுது.

உன் தம்பி,
வெண்டல்

*

டன்மோர், மிசிசிப்பி
செப்டம்பர் 11, 1978

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

கர்த்தருடைய தயவால் சுகமாக இருக்கிறேன். உப்பைக் குறைத்துவிட்டேன். அதனால் சாப்பாட்டில் ஒரு சந்தோஷமும் இல்லை. உன் முதுகுவலி பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை, அப்படியானால் இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் ஆட்டம் ஜெயித்துவிட்டோம். மிம்ஸ் இரண்டு முறை எல்லையைத் தொட்டான், இரண்டு முறை பந்தைக் கை நழுவ விட்டான். இரண்டாவது முறை நழுவியதும் பயிற்சியாளர் டார்வர் அவனை வெளியே கூப்பிட்டு ஓட்ஸை அனுப்பினார். பின்வரிசையில் இருந்த ஆண்கள் உன்னைப் போலவே கத்தினார்கள். எனக்கு என்னவோ அது சரியாகத்தான் பட்டது. ஓட்ஸ் குட்டையான பையன், அழகாக ஓடமாட்டான். ஆனால் விழும்போதும் பந்தைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுகிறான்.

சபைப் பாடகர் குழுவில் அடிக்குரலுக்கு ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தோம். இப்போது ஒருவர் கிடைத்திருக்கிறார், பயிற்சியாளர் டார்வர்தான். நல்ல கனமான குரல். வியாழக்கிழமைப் பயிற்சியில் நான் பியானோவில் தப்பு செய்தாலும் அவர் சுருதி விலகுவதில்லை.

குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
ஒசெல்லா

*

டெட்ராய்ட் ஆற்றில், தபால் படகு மூலம்
செப்டம்பர் 26, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை வந்தது. கால்கள் நன்றி சொல்கின்றன. முதுகுவலி இருக்கத்தான் செய்கிறது. இனிமேல் கேட்காதே.

அக்கா, உனக்கு என்ன ஆயிற்று? போன வருஷம் மிம்ஸ் பந்தைத் தொட்டாலே எழுந்து நின்று குடையை ஆட்டியவள் நீ. இப்போது குழந்தை, அணைப்பு என்று எழுதுகிறாய். பந்து நழுவத்தான் செய்யும். பத்துப் பேர் பாய்ந்து பிடுங்குகிற பந்து அது.

என்னோடு வேலை செய்யும் ஸ்டான் என்ற போலந்துக்காரன் மிச்சிகன் அணியின் ரசிகன். அவனிடம் உன் கடிதத்தைப் படித்துக்காட்டினேன். "நல்ல கோச் இருந்தா எவனும் ஓடுவான்டா" என்கிறான். "அப்ப உன் கோச்சையே ஓடச் சொல்லு" என்றேன். மூன்று நாளாக இதே பேச்சு. எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசித் தொண்டை கட்டிவிட்டது.

உன் டார்வர் தன் காலத்தில் பந்தைத் தொட்டு ஓடியவனே இல்லையாம், பத்திரிகையில் போட்டிருக்கிறது. முன்வரிசையில் நின்று எதிராளியை மறித்துக்கொண்டிருந்தவன். அவனுக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? பாடத் தெரிந்தால் பாடட்டும்.

பணிவுள்ள தம்பி,
வெண்டல்

*

டன்மோர்
அக்டோபர் 8, 1978

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜலதோஷம். தொண்டைக்குத் தேனும் எலுமிச்சையும் கலந்து குடி, ஸ்டானுக்கும் கொடு.

ஓடியவர் இல்லை என்று எழுதியிருந்தாய். அதனால்தான் அவருக்குத் தெரிகிறது என்று நினைக்கிறேன். பதினைந்து வருஷம் முன்னால் நின்று மறித்தவருக்கு, பின்னால் ஓடி வருகிறவன் எந்த இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும், எதைப் பார்க்காமல் விட்டான் என்பது தெரியாமல் போகுமா? ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்து, பந்தை முக்கி முக்கிக் கையில் கொடுத்து ஓடச் சொல்கிறார். மிம்ஸ் முதல் வாரம் முழுக்க முணுமுணுத்தான். இப்போது பந்து அவன் கையை விட்டுப் போவதில்லை. போன சனிக்கிழமை மூன்று முறை எல்லையைத் தொட்டான். கடைசி ஓட்டத்தில் அவன் எங்கள் பக்கத்துக் கோட்டோரமாக வந்தபோது மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பறவைக் கூட்டம் திரும்புகிற மாதிரி ஒரே அசைவில் திரும்பினான். நானும் எழுந்து குடையை ஆட்டினேன், போதுமா?

ஆனால் இன்னும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ஓட்ஸ் கையில் பந்து இருக்கும்போது அவனுக்கு வழிவிட்டு எதிராளியை மறிப்பது மிம்ஸின் வேலை. அவன் செய்வதில்லை, ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறான். "அடுத்தவனுக்காக ஒரு அடி வாங்காதவன் பாதி ஆட்டக்காரன்தான்" என்று நேற்று அவர் சொன்னார். அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது, அதனால் எதையும் கொஞ்சம் உரக்கத்தான் சொல்வார். வெண்டைக்காய் சூப் என்றால் உயிர்.

உன் அக்கா,
ஒசெல்லா

*

கப்பலில் இருந்து
அக்டோபர் 19, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

தேனும் எலுமிச்சையும் வேலை செய்தன. உடம்புக்குக் குறையில்லை.

மூன்று முறை எல்லையைத் தொட்டானா! அது மிம்ஸின் கால், டார்வரின் சோப்பு இல்லை. அவன் ஒதுங்கி நிற்கிறான் என்கிறாய். மிம்ஸ் அடுத்தவனுக்காக அடி வாங்குவது, நல்ல பியானோவை எடுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி.

உன் கடிதங்களை அடுக்கி வைத்துப் பார்த்தேன். முதலில் "பயிற்சியாளர் டார்வர்" என்று எழுதினாய். இப்போது வெறும் "அவர்". வியாழக்கிழமை நடப்பது பாட்டுப் பயிற்சியா, பந்தாட்டப் பயிற்சியா? வெண்டைக்காய் சூப் யார் வைத்துக் கொடுத்தது?

சும்மா சீண்டினேன், கோபித்துக்கொள்ளாதே. இருபத்தெட்டாம் தேதி பழைய மாணவர் நாள் ஆட்டம், அதுவும் மார்லோவோடு. பெரிய அணிகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் மிம்ஸைப் பார்க்க வருகிறார்களாம். மச்சான் இருந்தவரை, கப்பலிலிருந்து லீவு போட்டு வந்தாவது நானும் அவரும் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. நீ போய் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்து.

வெண்டல்

*

டெட்ராய்ட் ஆற்றில்
நவம்பர் 3, 1978

அக்காவுக்கு,

நீ நலம் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. காரணம் உனக்கே தெரியும்.

பத்திரிகை இன்று வந்தது, உன் கடிதம் வரவில்லை. மார்லோவிடம் நான்கு புள்ளிகளில் தோற்றோம். கடைசிக் கால்பகுதி முழுக்க மிம்ஸ் வெளியே நின்றான், "நான் ஓடத் தயார்" என்று அவனே சொல்லியும் டார்வர் விடவில்லை என்று போட்டிருக்கிறது. தலைமைப் பயிற்சியாளர் பிக்கெட் சொல்லியும் கேட்கவில்லையாம். ஆள் எடுக்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பையனின் வாழ்க்கையையே வீம்புக்காகக் கெடுத்திருக்கிறான் அந்த மனுஷன்.

நான் சும்மா இருக்கவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, இதே தபால் படகில் அனுப்பியிருக்கிறேன். டார்வரை உடனே அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் பழைய மாணவர்கள் யாரும் டிக்கெட் வாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். "தன் காலால் ஒரு கெஜம்கூட ஓடாதவன், ஓடத் தெரிந்தவனின் காலை முறிக்கிறான்" என்ற வரியை ஸ்டான் இரண்டு முறை படிக்கச் சொன்னான்.

வெளிவந்தால் வெட்டி அனுப்பு.

வெண்டல்

*

கப்பலில் இருந்து
நவம்பர் 20, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? தபால் படகு வரும்போதெல்லாம் மேல்தளத்துக்கு ஏறி வந்து பார்க்கிறேன். மற்றவர்களுக்கு வருகிறது, எனக்கு இல்லை. ரத்த அழுத்தமா? பள்ளியில் ஏதாவதா? பந்தாட்டத்தை விடு, இரண்டு வரி எழுது. அல்லது பக்கத்து வீட்டு அம்மாவை எழுதச் சொல்.

வெண்டல்

*

டன்மோர்
நவம்பர் 21, 1978

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இதை அனுப்பிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் பத்திரிகையில் வந்தது, உன் முழுப்பெயரோடு. வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனபோது யாரோ அதை மடித்துப் பியானோ மேல் வைத்திருந்தார்கள். நான் எடுப்பதற்குள் எஸ்ரா எடுத்துவிட்டார். நின்றபடியே முழுக்கப் படித்தார். பிறகு, "உன் தம்பியா? எழுத்துல நல்ல ஓட்டம் இருக்கு. மறிக்கத்தான் தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் வாசித்த பாட்டில் பாதி தப்பு.

பத்திரிகையில் வராததைச் சொல்கிறேன். மூன்றாவது கால்பகுதி முடிகிற நேரம். மிம்ஸ் தலை குனிந்து உள்ளே புகுந்தான், மார்லோ பையன் ஒருவனும் தலையைக் குனிந்து வந்தான். மோதிய சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. மிம்ஸ் எழுந்தான். தூசியைத் தட்டிக்கொண்டு நேராக நடந்துபோய் மார்லோக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். அவர்கள் சிரித்தார்கள். நம் ஆட்களும் ஏதோ குறும்பு என்று சிரித்தார்கள். எஸ்ரா சிரிக்கவில்லை. மைதானத்தின் குறுக்கே ஓடி, அவன் தோளில் கை போட்டு அழைத்து வந்தார். பதினைந்து வருஷம் மறித்தவர், வெண்டல். அப்படி எழுந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

பக்கத்தில் நின்ற ஓட்ஸ் மீதியை என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னான்.

"இப்ப யாரோட ஆடுறோம்?"

"யாரோட ஆடினா என்ன கோச், பந்தக் குடுங்க."

"ஸ்கோர் என்ன?"

மிம்ஸ் பலகையைப் பார்த்துச் சரியாகச் சொன்னான்.

"பலகையப் பாக்காம சொல்லு."

அவன் மறுபடியும் பலகைப் பக்கமே திரும்பினான். எஸ்ரா அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கித் தரையில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். அது இல்லாமல் யாரும் உள்ளே போய் ஆட முடியாது. பிக்கெட் வந்து கத்தினார். "எழுந்திரு எஸ்ரா, வேலை போயிரும்."

"போகட்டும். வேற வேலை கிடைக்கும். இவன மாதிரி வேற ஒருத்தன் இவங்க அம்மாவுக்குக் கிடைக்கமாட்டான்."

பார்வையாளர் வரிசைகளிலிருந்து ஐஸும் காகிதக் கோப்பைகளும் வந்து விழுந்தன. ஆறடிக்கு மேல் உயரமானவர், முழங்கால் மோவாயில் இடிக்க, ஆட்டம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். டாக்டர் பார்த்தார். தலையை எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஒன்றுமில்லை, ஆடியிருந்தாலும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம், ஆடாததும் நல்லதுதான் என்று இரண்டு பக்கமும் பேசினார். "நீங்க செஞ்சது சரிதானா?" என்று நானே எஸ்ராவிடம் கேட்டேன். "தெரியாது ஒசெல்லா. பையன் அடுத்தவன் பெஞ்சுல போய் உக்காந்தான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். மிம்ஸ் அவரோடு பேசுவதில்லை. கல்லூரி நிர்வாகக் குழு அடுத்த மாதம் கூடி அவரை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும். உன் கடிதத்தையும் அங்கே படிப்பார்களாம்.

இனி மற்றது. வியாழக்கிழமைகளில் என்னை வீட்டில் கொண்டுவந்து விடுகிறவர் அவர்தான். வெண்டைக்காய் சூப் நான் வைத்ததுதான். தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி செப்டம்பர் கடைசியிலேயே கேட்டுவிட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். உன் கடிதத்தைப் பிரிக்கும்போதெல்லாம் இன்றைக்கு எழுதிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த பத்தியில் அவரைத் திட்டியிருப்பாய். இல்லையென்றால் கிளாரன்ஸைப் பற்றி எழுதியிருப்பாய். இரண்டுக்கும் நடுவில் இதை எங்கே எழுதுவது?

அக்கா

*

டுலூத்
டிசம்பர் 4, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மனசு சரியில்லை.

இங்கே எஞ்சின் அறையில் அழுத்தமானியின் முள் சிவப்பைத் தொட்டால் நிறுத்திவிடுவோம். மேலேயிருந்து கேப்டன் கத்துவார். துறைமுகத்துக்கு நேரம் ஆகிறது என்பார். நிறுத்தாமல் விட்டிருந்தால் வெடித்திருக்குமா என்று நாங்கள் நிரூபித்ததே இல்லை. நிரூபிக்க வேண்டிய அவசியம் வரக் கூடாது என்றுதான் நிறுத்துகிறோம். இருபது வருஷமாக இந்த வேலையைச் செய்துகொண்டு, அதே காரியத்தைச் செய்தவரைப் போய் அப்படி எழுதினேன்.

ஸ்டானுக்குப் படித்துக்காட்டினேன். பந்தாட்டப் பகுதியை மட்டும்தான் படித்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்துக் கடிதத்தைப் பிடுங்கி முழுக்கப் படித்துவிட்டான். "ஹெல்மெட் மேல உக்காந்தாரா? உங்க அக்கா மாட்டேன்னு சொன்னா எங்க அக்காவுக்குக் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றான்.

பத்திரிகைக்கு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன். முதல் கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் தப்பு, நான் மைதானத்திலிருந்து ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து எழுதியது என்று என் முழுப்பெயரோடு. குழு கூடுவதற்குள் வெளிவர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

கிளாரன்ஸ் மச்சான் எனக்கு நண்பர். அவரை நினைத்து நான் எழுதியதெல்லாம் என் ஆறுதலுக்காக எழுதியது. அது உனக்குக் கதவை அடைக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னிடம் நீ கேட்க வேண்டியதும் இல்லை. அவரிடம் போய்ப் பதில் சொல்.

வெண்டல்

*

டன்மோர்
டிசம்பர் 15, 1978

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நேற்று ரத்த அழுத்தம் பார்த்தார்கள், பத்து வருஷத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லையாம். உன் முதுகைக் குளிரில் காட்டாதே.

முதலில் கெட்ட செய்தி. குழு கூடி, எஸ்ராவுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டது. உன் இரண்டாவது கடிதம் அதற்கு மறுநாள்தான் பத்திரிகையில் வந்தது. அவர் அதையும் நின்றபடியே படித்தார். வெட்டியெடுத்துப் பாட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார். அலபாமாவில் லின்டேல் என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஊரிலும் பிள்ளைகளுக்குக் கணக்கு வராதாம்.

இனி ஆட்டம். குழு கூடுவதற்கு முன் நடந்த கடைசி ஆட்டத்துக்கு மிம்ஸ் திரும்பி வந்தான். இரண்டு டாக்டர்கள் பார்த்து அனுப்பிய பிறகுதான் எஸ்ரா விட்டார். அவன் ஓடியதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, பத்திரிகையில் படம் போட்டிருக்கிறார்கள். படத்தில் இல்லாததை எழுதுகிறேன். ஆட்டம் முடியப்போகிறது, நாம் பின்தங்கியிருக்கிறோம், பந்து ஓட்ஸ் கையில். இரண்டு பேர் அவனை நோக்கி வருகிறார்கள். மிம்ஸ் தோளைத் தாழ்த்தி இருவர் மீதும் குறுக்கே பாய்ந்து விழுந்தான். மூன்று பேரும் குவியலாகக் கிடக்க, ஓட்ஸ் அவர்களைத் தாண்டி ஓடி எல்லையைத் தொட்டான். ஊரே ஓட்ஸைத் தூக்கிக்கொண்டு ஆடியது. எஸ்ரா மட்டும் குவியலருகே போய் மிம்ஸுக்குக் கை கொடுத்தார். அவன் அந்தக் கையைப் பார்த்தான், பிடித்து எழுந்தான்.

மறுநாள் அவனுடைய அம்மா சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் சுட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவரும் எஸ்ராவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டு முழுவதும் காலியானது.

உன் கடிதம் வந்த அன்றே அவரிடம் பதில் சொன்னேன். கார் வாசலில் நின்றது. "வேலையில்லாதவனக் கட்டிக்கிறியான்னு இப்ப எப்படிக் கேப்பேன்?" என்றார். "அத நான் பாத்துக்கறேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. மிம்ஸா, ஓட்ஸா?" என்று கேட்டேன்.

"மிம்ஸ். அதுல என்ன சந்தேகம்? அவன மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்ல, இனிமே பாக்கப்போறதும் இல்ல."

ஒரு பருவம் முழுக்க அவர் பக்கம் நின்று உன்னோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அவரோ உன் கட்சி. இதை உனக்குச் சொல்லவே கூடாது என்றிருந்தேன்.

ஜனவரி இருபதாம் தேதி, சபையில் கல்யாணம். பியானோ வாசிக்க வேறு ஆள் பார்த்தாயிற்று.

உன் அக்கா,
ஒசெல்லா

*

டுலூத் துறைமுகம்
டிசம்பர் 27, 1978

மதிப்புக்குரிய பயிற்சியாளர் டார்வர் அவர்களுக்கு,

ஒசெல்லாவின் தம்பி வெண்டல் எழுதுவது. நீங்களும் அக்காவும் கிறிஸ்துமஸை நல்ல சுகத்தோடு கொண்டாடியிருப்பீர்கள். இங்கே பனிக்கட்டி கப்பலைச் சுற்றி இறுகிக்கொண்டிருக்கிறது, இன்னும் சில நாளில் எஞ்சினை அணைத்துவிடுவோம். மச்சான் என்று எழுதிப் பார்த்தேன், கை இன்னும் பழகவில்லை. ஊருக்கு வந்தபின் பழகிவிடும்.

பத்திரிகையில் எழுதியதற்குப் பத்திரிகையிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தும் கேட்க வேண்டும், அதனால் இங்கே அதை விட்டுவிடுகிறேன். இந்தக் கடிதம் வேறு விஷயமாக.

மிம்ஸ்தான் சிறந்தவன் என்று அக்காவிடம் சொன்னீர்களாம். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பழைய பத்திரிகைகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். ஓட்ஸ் இந்தப் பருவம் முழுக்க ஒரு முறைகூடப் பந்தை நழுவவிடவில்லை. கடைசி ஆட்டம்வரை அவனுக்காக யாரும் மறிக்கவும் இல்லை. தனக்கு வழியில்லாத இடத்தில் தானே வழி செய்துகொண்டு ஓடியிருக்கிறான். அவனுக்குப் பாதி ஆட்டம் கொடுத்தது போதாது என்பது என் கட்சி. இந்த விஷயத்தில் நீங்கள் செய்தது பெரிய தப்பு.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி மதியம் ஜாக்சன் பேருந்து நிலையத்தில் இறங்குவேன். என்னைக் கூட்டிப்போக நீங்கள் மட்டும் வாருங்கள். அக்கா வந்தால் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரையும் பேச விடமாட்டாள். உங்களுக்கு இடது காது கேட்காது என்று எழுதியிருந்தாள். நீங்கள் காரை ஓட்டுங்கள், நான் உங்கள் வலது பக்கம் உட்கார்ந்து வருகிறேன்.

தங்கள் அன்பு மைத்துனன்,
வெண்டல்